மதிப்பெண்ணும் மதிப்பும்

ஒரு மொழியைக் கற்றதற்காக ஒரு பெண்ணுக்குப் பதக்கம் கிடைக்கிறது. அதே மொழியைப் பேசுவதால் இன்னொரு பெண் குறைவாக மதிக்கப்படுகிறாள். ஒரே கல்லூரி வளாகத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். அப்படியானால் அந்தப் பதக்கம் எதைப் பாராட்டுகிறது? அதைப் பெறுகிறவளுக்கு ஏதாவது கடன் இருக்கிறதா?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிஷை முதன்மைப் பாடமாக எடுத்துச் சிறப்புத் தகுதியுடன் தேறும் மாணவிகளை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். உயர்ந்த மதிப்பெண் எடுத்தால் பட்டச் சான்றிதழில் 'கும் லாவ்தே' என்ற லத்தீன் சொற்கள் ஏறும். 'பாராட்டுடன்' என்று பொருள். ஸ்பானிஷ் மாணவர்களுக்கென்றே 1919-இல் பெர்க்லியில் தொடங்கப்பட்ட சிக்மா டெல்டா பை என்ற கௌரவச் சங்கம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்க 99 ஆண்டுகள் ஆயின. 1875-இல் வெர்மாண்ட் பல்கலைக்கழகக் கிளைதான் முதலில் கதவைத் திறந்தது. ஆகவே ஒரு மாணவி இந்த மரியாதைகளைப் பெறுவதை அற்பமாகப் பேச எனக்கு மனமில்லை. பெண்கள் கேட்டு, காத்திருந்து வாங்கிய இடம் அது.

ஆனால் அதே நாட்டில் அதே மொழிக்கு வேறொரு வரலாறும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற சிற்றூரில், மெக்சிக வழிவந்த குழந்தைகளைத் தனியே பிரித்து வைத்துப் படிப்பித்த பிளாக்வெல் பள்ளி இருந்தது. 1954-இல் அங்கே ஸ்பானிஷ் மொழிக்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள். இனிப் பள்ளியில் ஸ்பானிஷ் பேசமாட்டோம் என்று குழந்தைகளையே தாளில் எழுதவைத்து, அந்தத் தாள்களைப் பெட்டியில் போட்டுப் புதைத்தார்கள். புதைத்தவர்கள் ஆசிரியர்கள். புதைக்கப்பட்டது அந்தக் குழந்தைகளுக்கு அம்மாக்கள் சோறூட்டிய மொழி.

டெக்சஸில் வளர்ந்த எழுத்தாளர் குளோரியா அன்சல்தூவா, பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் மொட்டியில் அளவுகோலால் அடிவாங்கியதை 1987-இல் வெளிவந்த தன் 'பார்டர்லாண்ட்ஸ்' நூலில் சொல்கிறார். அவர் படித்த பல்கலைக்கழகத்தில், நாவில் ஒட்டியிருந்த மெக்சிக உச்சரிப்பைப் போக்கிக்கொள்ள இரண்டு பேச்சு வகுப்புகள் கட்டாயமாக இருந்தன. இன்று அந்த நூல் கல்லூரிகளில் பாடம். அந்த அடியைப் பற்றி நல்ல கட்டுரை எழுதும் மாணவிக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கிறது. காயம் பட்டவள் ஒருத்தி, காயத்தை விளக்கிப் பரிசு வாங்குகிறவள் வேறொருத்தி. இதில் அந்த மாணவியின் குற்றம் எதுவுமில்லை. ஆனாலும் அவள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நான் கொண்டுவந்தேன்' என்பதற்கு இன்றைய இலக்கண ஸ்பானிஷில் 'ட்ராஹே' என்பார்கள். மெக்சிகக் கிராமங்களிலிருந்து வந்த பலர் 'ட்ருஹே' என்கிறார்கள். வீட்டில் கேட்டுப் பழகிய இந்தச் சொல்லை ஒரு மாணவி தேர்வுத் தாளில் எழுதினால் சிவப்பு மை விழும், கொச்சை என்பார்கள். ஆனால் 'ட்ருஹே' 1605-இல் வெளியான செர்வாண்டிஸின் 'டான் குவிக்ஸோட்' நாவலில் இருக்கிறது. அங்கே அதற்கு அடிக்குறிப்பு போட்டுப் பழைய வழக்கு என்று மரியாதையாக விளக்குவார்கள். செர்வாண்டிஸ் எழுதினால் இலக்கியம், அம்மா பேசினால் பிழை. சொல் மாறவில்லை. சொன்னவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மரியாதை மொழிக்கு அல்ல, உழைப்புக்குத் தரப்படுகிறது. நான்கு ஆண்டுகள் வாசித்து, எழுதி, ஆய்வேடு சமர்ப்பித்தவளும் பிறந்த வீட்டில் பேசிப் பழகியவளும் ஒன்றா? ஒன்றல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படிப்பாளியின் உழைப்பு நிஜம், அதற்குரிய பாராட்டும் நிஜம்.

ஆனால் உழைப்புதான் அளவுகோல் என்றால் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு நடந்துபோகிறவளின் தூரத்தை அளக்க மதிப்பெண்ணும் சங்கமும் பட்டயமும் இருக்கின்றன. ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு, இரண்டு வேலைகளுக்கு நடுவில், ஆசிரியர் யாருமில்லாமல் நடந்துவரும் துப்புரவுப் பணியாளரின் தூரத்தை எவர் அளந்தார்? வீட்டில் ஸ்பானிஷ் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையை அமெரிக்கக் கல்விச் சட்டம் நெடுங்காலம் 'ஆங்கிலத் திறன் குறைந்தவர்' என்றே குறித்துவந்தது. இரண்டாவது மொழி ஒருத்திக்குச் சாதனையாகவும், இன்னொருத்திக்குப் பற்றாக்குறையாகவும் கணக்கில் ஏறியது.

அந்தப் பிள்ளை, அதிலும் மூத்த மகளாக இருந்தால், வீட்டின் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிவிடுகிறாள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், அம்மாவின் மருத்துவப் பரிசோதனை முடிவு எல்லாம் அவள் வாய்வழியே போகவேண்டும். அம்மாவின் கருப்பையில் கட்டி இருப்பதாக மருத்துவர் சொல்வதைப் பத்து வயதில் ஸ்பானிஷாக்கிச் சொல்ல நேரும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனைகள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை இப்படி நம்பியிருக்கக் கூடாது என்று 2016-இல்தான் கூட்டாட்சி அரசு தெளிவாக விதி செய்தது. சமையலைப் போல, முதியோர் பராமரிப்பைப் போல, இந்த மொழி உழைப்பும் பெண்பிள்ளையின் இயல்பான கடமையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்தச் சான்றிதழிலும் அது ஏறவில்லை.

அப்படியென்றால் கௌரவத்தை மறுத்துவிட வேண்டுமா? கூடாது என்பதே என் எண்ணம். பெண்களுக்கு மறுக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. அதைக் காலம்காலமாகக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு மெக்சிகோவின் துறவி சொர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸை இந்த மாணவிகள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆண் உடையில் பல்கலைக்கழகம் அனுப்பும்படி அம்மாவிடம் கெஞ்சிய சிறுமி. அரசப் பிரதிநிதியின் அவையில் ஏறக்குறைய 40 அறிஞர்கள் அவரைச் சோதித்ததாக அவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். 1691-இல் பெண்கள் கற்பதற்கான உரிமையை வாதாடி நீண்ட கடிதம் எழுதினார். அதில் சமையலறையில் முட்டையையும் சர்க்கரைப் பாகையும் கவனித்துக் கற்றதையும் அறிவென்றே கணக்கில் சேர்த்தார். சில ஆண்டுகளில் அவர் எழுத்தை விட்டு ஒதுங்க நேர்ந்தது. 1695-இல், நோயுற்ற சக துறவியரைப் பராமரிக்கும்போது இறந்தார். அறிவைத் துறந்த பெண்ணை உலகம் எளிதாகப் புனிதமாக்கிவிடும். அந்தத் துறவால் இன்னொரு பெண்ணுக்கு ஒரு புத்தகம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

தவிர, கௌரவம் பெற்ற மாணவியின் நிலையும் உறுதியானதல்ல. 'இதைப் படித்து என்ன பயன்?' என்ற ஏளனத்தை மொழி படிக்கும் பெண்கள் எங்கும் கேட்கிறார்கள். 2023-இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் செலவுக் குறைப்பின் பெயரில் அயல்மொழிப் பட்டப்படிப்புகளையே நிறுத்த முடிவெடுத்தது. பதக்கம் வாங்கியவளையும் தரை துடைப்பவளையும் ஒரே நிர்வாகம் தேவையற்ற செலவாகப் பார்க்கும் நாள் வரலாம்.

ஆகவே அவள் பதக்கத்தை வாங்கிக்கொள்ளட்டும், தலை நிமிர்ந்தே வாங்கட்டும். ஆனால் அது சொல்லும் கதையை முழுதாக நம்ப வேண்டாம். தான் கற்றபிறகுதான் அந்த மொழி அறிவானது என்ற எண்ணம் வரும்போது 'ட்ருஹே'யை நினைத்துக்கொள்ளட்டும். குற்றவுணர்வு இங்கே யாருக்கும் உதவாது, உதவுவது வேலை. மருத்துவமனையில் சம்பளத்துக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு அவள் போனால் ஒரு சிறுமி பள்ளிக்குப் போவாள். ஆசிரியையாக ஆனால், வீட்டு ஸ்பானிஷோடு வரும் பிள்ளையின் தாளில் சிவப்பு மை வைக்கும்முன் அந்தச் சொல்லின் வயதைச் சொல்லித்தரலாம். கல்லூரியிலேயே இருந்தால், அம்மாவுக்காகப் பத்தாண்டு மொழிபெயர்த்த பெண்ணின் அனுபவத்துக்கும் பாடநெறியில் மதிப்பு தரவேண்டும் என்று கேட்கலாம்.

ஒரு சமூகம் யாரைப் பாராட்டுகிறது என்பதில் அதன் நீதி பாதிதான் தெரியும். மீதி, அதே செயலுக்காக யாரைத் திருத்துகிறது என்பதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் படித்த பெண்ணுக்கு வாய்த்தால், அவள் பெற்ற பட்டம் வீணில்லை.