அழைத்து வரச் சென்றவர்

தலைமை தாங்குபவனுக்கு வேண்டிய ஆத்ம குணங்கள் எவை என்று அறிய விரும்பும் அன்பர்கள், ஸ்ரீமத் ராமாயணத்தில் யுத்த காண்டத்தின் 17, 18ஆம் ஸர்க்கங்களை ஊன்றி ஸேவிப்பார்களாக.

ராவணனைத் துறந்து, நான்கு துணைவருடன் கடலின் வடகரைக்கு மேலே ஆகாயத்தில் வந்து நின்றார் விபீஷணாழ்வான். சத்துருவின் தம்பியாகையால் வதைக்கத் தக்கவன் என்று விண்ணப்பித்தார் சுக்ரீவ மஹாராஜர். சக்கரவர்த்தித் திருமகனோ வானர முதலிகள் அனைவரையும் கருத்துக் கேட்டருளினார். குணதோஷங்களை ஆராய வேண்டும் என்றான் அங்கதன். ஒற்றனை ஏவலாம் என்றான் சரபன். வந்த இடமும் காலமும் சரியில்லை என்றார் ஜாம்பவான். இன்சொல்லால் மெல்ல விசாரிக்கலாம் என்றான் மைந்தன். (இக்காலத்தில் ஆலோசனைக் கூட்டம் கூட்டுவோர் பலர் முடிவை முன்பே மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.)

கடைசியில் பேசினார் சிறிய திருவடி. வாதத்துக்காகவோ, போட்டியாலோ, தம் மேன்மையைக் காட்டவோ பேசவில்லை என்று முதலில் தெரிவித்துக்கொண்டார். பணி ஒன்று கொடுக்காமல் ஒருவனைச் சோதிப்பது எங்ஙனம்? எதிரே வந்து நிற்பவனுக்கு ஒற்றன் எதற்கு? நல்லெண்ணத்துடன் வந்தவனைத் துருவிக் கேட்டால் அவன் மனம் கலங்கி நட்பே கெடாதா? ராவணனின் தீமையையும் பெருமாளின் பராக்கிரமத்தையும் கண்டு வந்தவனுக்கு இதுவே தக்க இடம், தக்க காலம் என்று முடித்தார்.

தம் திருவுள்ளத்தில் இருந்ததையே அவர் சொல்லக் கேட்டுப் பெருமாள் மகிழ்ந்தார். நட்பை நாடி வந்தவனைக் குற்றமுடையவனாயினும் கைவிடேன் என்று அருளிச் செய்தார். சுக்ரீவனோ இசையவில்லை, ஆபத்தில் தமையனை விட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்றான். இங்கேதான் சற்று நிற்க வேண்டும். பெருமாள் சினக்கவில்லை. இளைய பெருமாளை நோக்கிப் புன்முறுவல் பூத்து, சாஸ்திரங்களைக் கற்று முதியோரைப் பணிந்தவனன்றி வேறு எவனும் இவ்வாறு பேச இயலாது என்று, தம் கருத்தை மறுத்தவனையே சபையறியக் கொண்டாடினார். அதன் பிறகே தம் நியாயத்தை எடுத்துரைத்தார். சுக்ரீவன் மீண்டும் எழுந்து மறுத்தான். வேடனுக்குத் தன் மாம்ஸத்தையே அளித்த புறாவின் கதையைச் சொல்லி, சரணமடைந்தவனுக்கு அபயமளிப்பது தமக்கு விரதம் என்றார். அத்தோடு நில்லாமல், அவனை அழைத்து வருவாயாக என்று கட்டளையிட்டதும் அந்தச் சுக்ரீவனையே. முதலில் கருத்தொருமித்த அனுமனை அனுப்பியிருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். தோற்றோம் என்ற மனத்தாங்கல் வானர ராஜனுக்கு மிஞ்சியிருக்கும்.

சுக்ரீவன் மனம் தெளிந்தான். விபீஷணன் தங்களுக்கு ஸமமாகித் தோழமை பெறட்டும் என்று தானே சொன்னான். பிறகு, அலைகடலைத் தாண்டும் உபாயம் என்ன என்று அனுமனோடு சென்று அந்த விபீஷணனிடமே யோசனை கேட்டு, அதனைப் பெருமாளிடம் விண்ணப்பித்தவனும் அவனே.