உறைநிலையில் ஆறு கருக்கள்

எம் உறவினருள் இளந்தம்பதியர் இருவர் சோதனைக்குழாய் முறையில் ஒரு பெண்மகவைப் பெற்றனர். அப்போது உருவான கருக்கள் ஏழு. ஒன்று மகளாயிற்று, ஆறு திரவ நைட்ரஜனில் உறைந்துள்ளன. அவற்றில் உயிர் உண்டா என வினவினர்.

சினைக்குழாயில் முட்டையைப் பல விந்தணுக்கள் சூழ்ந்தாலும், ஒன்று புகுந்தவுடன் உறை இறுகிப் பிறவற்றைத் தடுக்கிறது. தந்தையின் 23 குரோமோசோம்களும் தாயின் 23-உம் கூடி, ஒரு நாளளவில் முதற்பிளவு நிகழ்கிறது. 1978-இல் இங்கிலாந்தில் லூயி பிரவுன் பிறந்தது முதல், கண்ணாடிக் கலத்தில் நிகழ்வதும் இதுவே என்பதை உலகறியும்.

தத்துவார்த்த சூத்திரம் கூறும் மூவகைப் பிறப்பினுள் நமது கருப்பப் பிறப்பு. உடல் நீத்த உயிர் புதுப்பிறப்பிடம் சேரச் சில சமயங்களே, அதாவது இமைப்பொழுதினும் மிக நுண்ணிய காலமே, ஆகும். கருப்பையை அடையாத கருவுக்கு இது பொருந்துமா என்பர் சிலர். இரு வாரத்திற்குள் ஒரு கரு பிளந்து இரட்டையராதலும் உண்டே, உயிர் பிளக்குமோ என்பர். பிளப்பது உடலே, இரண்டாம் உடலுக்கு வேறோர் உயிர் வரத் தடை யாது? ஐயமுள்ளவிடத்துக் கொல்லாமையின் பக்கம் நிற்பதே நம் முன்னோர் நெறி.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டுகளே பாதுகாப்பு. பின்னர் அழியவிடுவர், அன்றேல் இசைவு பெற்று ஆய்வுக்கு அளிப்பர். வைக்கவிருக்கும் அளவே கருவாக்கி, எஞ்சிய முட்டைகளை அவ்வாறே உறையச் செய்யுமாறு முதலிலேயே கேட்டிருக்கலாம். செலவும் தோல்வியும் கூடலாம், ஆயினும் கேட்கத்தக்கதே. இவர்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை.

வரும் தையில் இரண்டாம் மகவுக்காக ஒரு கருவை ஏற்கவுள்ளனர். மற்ற ஐந்திற்கு எம்மிடம் விடையில்லை.