மூன்றாம் அடிக்கு இடம்

சங்கிலியையும் கொடிக்கம்புகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ஓர் ஊரின் சாவடியிலிருந்து மற்றோர் ஊரின் சாவடிக்குப் பிரயாணம் செய்து, பிறருடைய வயல்களின் நீளத்தையும் அகலத்தையும் புலப்படத்தில் எழுதியே உத்தியோக காலத்தைக் கழித்த என்னைப் போன்றவனுக்கு, வேதாந்திகள் ஏட்டில் சந்திக்கும் ஒரு கேள்வி வரப்பின்மேல் எதிர்ப்பட்டது: எல்லை என்று ஒன்று உண்மையிலே இருக்கிறதா? மழை பெய்தால் இரண்டு வயல்களிலும் ஒருசேர நீர் நிற்கிறது. நண்டு வரப்பைத் துளைத்துக்கொண்டு இப்புறமிருந்து அப்புறம் போகிறது. மரத்தின் வேர் பட்டாவைப் பார்த்து ஓடுவதில்லை. நாம் நட்ட கற்களைத் தவிர மண்ணில் கோடு எதுவும் காணோம்.

'மாயை' என்னும் சொல்லே அளத்தலைக் குறிக்கும் 'மா' என்ற வடமொழித் தாதுவிலிருந்து பிறந்ததென்று பெரியோர் கூறுவர். அளவிறந்த ஒன்றை அளவுக்குள் அடக்கிக் காட்டுவது எதுவோ அதுவே மாயை. நான் இளைஞனாயிருந்தபோது, முகாமிட்டிருந்த ஊரில் ஒரு முதியவர் இதை எனக்கு விளக்கி, "தம்பி, நீர் பார்ப்பது மாயையின் உத்தியோகமல்லவா?" என்று அன்போடுதான் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதே தாதுவிலிருந்துதான் 'பிரமாணம்' என்ற சொல்லும் பிறந்தது என்பதையும், உண்மையை அறியும் கருவிக்கே நம் சாஸ்திரங்கள் அந்தப் பெயரைச் சூட்டியிருக்கின்றன என்பதையும் வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, எழுத்தறியாத ஒரு மூதாட்டி அந்த முதியவருக்குரிய விடையை எனக்குக் காட்டிவிட்டாள். கணவனை இழந்த அவளுடைய அரை ஏக்கர் நிலத்தை ஒட்டி உழுதுவந்த பங்காளி, ஒவ்வோர் உழவிலும் வரப்பில் ஒரு கொழு அகலத்தைக் கரைத்துக்கொண்டே வந்திருந்தான். கர்ணமும் தலையாரியும் உடன் நிற்க, புதைந்துபோன எல்லைக்கல்லைத் தேடி முழங்கால் ஆழம் தோண்டினோம். கல்லின் தலை தென்பட்டதும் அவள் குழிக்குள் இறங்கி, அதன் மண்ணை முந்தானையால் துடைத்து, "இத்தனை வருசமா இங்கேயேதானா இருந்தே?" என்று பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோல அந்தக் கல்லைக் கேட்டாள். எல்லை பொய் என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழாது; பங்காளியிடம் சொன்னால் அவன் மகிழ்ந்து கேட்பான். எல்லாம் ஒன்றே என்னும் மகாவாக்கியத்தை வலியவன் எளியவளின் வரப்பில் நின்றுகொண்டு சொன்னால், அது வேதாந்தமாகாது, திருட்டாகும்.

ஆயினும், அளவே சத்தியம் என்று கர்வங்கொள்ளவும் இடமில்லை. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட எங்கள் சங்கிலி, நாள்தோறும் இழுபட்டு, வளையங்கள் விரிந்து, தன் நீளத்தில் மிகுந்துவிடும். மிகுந்த சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். 1802-ஆம் ஆண்டில் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்த லாம்டன் என்ற ஆங்கிலேயர், வெயிலில் எஃகு நீளுமென்று அஞ்சி, நூறடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழலிட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து, ஏழரை மைல் தூரத்தைக் கடக்க 57 நாட்கள் எடுத்துக்கொண்டார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தபோது, வாரக்கணக்கில் கூடாரத்தினுள் அமர்ந்து அதன் வட்டத்தைத் தாமே சீர்படுத்தினார். 1823-ல் நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை அவருக்கு முகாமே வீடாயிருந்தது. அவர் உழைப்பு கம்பெனியாரின் ஆட்சிக்குப் பயன்பட்டது என்பதை நான் மறக்கவில்லை; எனினும், தன் கையிலுள்ள அளவுகோலை அனுதினமும் சந்தேகித்து வாழ்ந்த ஒருவரைத் தபஸ்வி என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

அந்த விமானத்தை எழுப்பிய இராஜராஜனும் நாட்டை அளந்தவனே. வேலி என்னும் நில அளவையை முந்திரியாகவும் கீழ்முந்திரியாகவும் பின்னத்தின் பின்னமாக்கி அளந்த அவன் காலத்துக் கணக்கர்கள், ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டே எஞ்சிய நிலத்துக்கு இறை விதித்தார்கள் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுக்களில் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது. இன்று நாங்கள் புறம்போக்கு என்று எழுதும் நிலம் பெரும்பாலும் இதுவே. ஜனங்கள் அச்சொல்லை வசையாக வழங்கக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாயிருக்கிறது. மாடு மேய்வதும், பெண்கள் நீர் மொள்வதும், தேர் ஓடுவதும், பிணம் வேவதும் ஒருவருக்கும் பட்டா இல்லாத அந்த நிலத்தில்தானே? ஒருவன் தன் பட்டா நிலத்துக்குள்ளேயே பிறந்து, வாழ்ந்து, முடிந்துவிட முடியுமா?

திருக்கோவலூரிலும் காஞ்சியிலும் ஒரு திருவடியை விண்ணுக்கு உயர்த்தி நிற்கும் உலகளந்த பெருமாளைச் சேவிக்கும்போதெல்லாம், என் தொழிலுக்குரிய தெய்வத்தின் முன் நிற்பதாகவே உணர்கிறேன். அளந்தவனாகிய அவனுக்கே சகஸ்ரநாமம் 'அப்ரமேயன்', அதாவது அளவுக்கு உட்படாதவன், என்றும் பெயரிடுகிறது. முதல் இரண்டு அடிகளில் மாவலியின் உடைமை யாவும் அளந்து தீர்ந்தது. மூன்றாம் அடிக்கு மண்ணும் இல்லை, விண்ணும் இல்லை. அப்போது மாவலி தன் தலையைக் காட்டினான். நிலத்தை உடையவன் யார் என்னும் கேள்வியே அதுவரை அளக்கப்படாமல் கிடந்த நிலம் என்பதை அந்தக் கணத்தில் அவன் கண்டுகொண்டானென்று நான் நினைக்கிறேன்.

உத்தியோகத்தின் கடைசி ஆண்டுகளில், ஆற்றங்கரை ஊர் ஒன்றின் சுடுகாட்டை அளக்க நேர்ந்தது. கோடு நேராக ஒரு சிதையின்மேல் போயிற்று. முந்தின நாள் எரிந்த சாம்பலில் இன்னும் சூடு தணியவில்லை. வெட்டியான் எட்ட நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி பிடித்து வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே நடக்காமல், என் முகத்தைப் பார்த்தான். சங்கிலியைத் தூக்கச் சொல்லி, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அளந்து, கணக்கைச் சரிசெய்து எழுதினேன்.