அணிந்துரை கேட்டு வந்தவர்கள்

போன மாதம் ஒரு தங்கை வாட்சாப்பில் பன்னிரண்டு சிறுகதைகளை அனுப்பினார். "சார், புத்தகமா போடப் போறேன். அணிந்துரை வேணும். ரெண்டு பக்கம் போதும்." வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பேசி முடித்துவிட்டாராம்.

கதைகள் இன்னும் தயாராகவில்லை. அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா? பார்ப்பதற்கு இலக்கியக் கேள்விபோல் தெரிந்தாலும் எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகத்தான் படுகிறது.

இதுவரை இருபது அணிந்துரைகளாவது எழுதியிருப்பேன். 'நம்பிக்கை தரும் வருகை', 'மண்ணின் மணம்' எல்லாம் எப்போதும் கைவசம் இருக்கும். முழுதாகப் படிக்காமல் எழுதியதும் உண்டு. அப்படி எழுதிக் கொடுத்த ஒரு நண்பர், கூட்டு எடுத்த பணத்தில் 500 பிரதி அச்சடித்தார். விழாவில் பிரமுகர் ஒருவர் உறையை நீட்டி முதல் நூலைப் பெற்றுக்கொண்டார், படம் எடுத்தார்கள், மீகூன் சாப்பிட்டோம். மிச்சப் பெட்டிகள் படிக்கட்டுக்கு அடியில் போயின. சில வருடங்கள் கழித்து ஒரு துக்க வீட்டில் பார்த்தபோது அவர் கேட்டார்: "அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா." குரலில் கோபமே இல்லை. அவர் இப்போது எழுதுவதில்லை.

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் ஒரு விலக்கு தந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறோம். ஆனால் என் பொய்யால் நன்மை யாருக்கு? அவரை நோகடிக்க வேண்டியிராத நிம்மதி எனக்குக் கிடைத்தது. மேடையில் ஒரு பொன்னாடையும் கிடைத்தது. செலவு முழுக்க அவருடையது. பணத்தைவிட, திருத்திக்கொள்ளக் கிடைத்திருக்கக்கூடிய வருடங்கள்.

"இந்த நாட்டுல எழுதுறவங்களே கொஞ்சம். அதையும் அடிச்சு விரட்டணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடுமையைத் தன் பெருமையாக வைத்திருக்கும் விமர்சகர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட்கள் இதைவிடக் குறைவாக இருந்த காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழ் வழியாகவே பாடம், பயிற்சி. பின்னர் அதே இதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளைப் பேச வைத்தார். பொன்னாடை போர்த்தி அனுப்புவதைவிட உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதுதான் மரியாதை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். எப்போது அதை மாற்றிக்கொண்டோம்?

தங்கையின் கதைகளை இரண்டு முறை படித்தேன். பதினொரு கதைகளில் பால்மரக்காடு, பனி, கங்காணியின் கொடுமை. அவர் பிறந்தது பட்டணத்து அடுக்குமாடி வீட்டில். வேலை பார்ப்பது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், இரவு வேலை. பார்க்காத தோட்டத்தை எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் எழுதியிருப்பது மற்றவர்கள் எழுதிய தோட்டம். பன்னிரண்டாவது கதையில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: தொழிற்சாலை பஸ் ஓட்டுநருக்கு எந்தெந்தப் பெண் எந்த இருக்கையில் தூங்கிப்போவாள் என்று தெரியும், அவரவர் இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மெதுவாக ஹார்ன் அடிப்பார். அந்த ஒரு வரிக்காக நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த பஸ்ஸில் போகாதவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அணிந்துரைக்குப் பதிலாக நீண்ட கடிதம் எழுதினேன். அந்த பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கதையையும் வாய்விட்டு வாசியுங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே பேனாவை வையுங்கள். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் மனிதர்கள் செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறார்கள். பக்கத்து இருக்கை அக்கா எப்படிப் பேசுவார்? எழுதியதை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு ஞாயிறு பதிப்புக்கோ இணைய இதழுக்கோ ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஒரே கதையை நாலு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். உங்களைத் தெரியாத ஓர் ஆசிரியர் நிராகரிப்பது, தெரிந்த நான் பாராட்டுவதைவிடப் பயன்படும். புத்தகம் அதற்குப் பிறகு. அப்போதும் நூறு பிரதி போதும், இப்போதெல்லாம் குறைவாகவும் அச்சடித்துத் தருகிறார்கள். ஐஎஸ்பிஎன் எண் தேசிய நூலகத்தில் வாங்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே 5 பிரதிகளை ஒப்படைக்கவும் வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அனுப்புவதற்குமுன் அரைமணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சொல்வது உண்மைதானா, அல்லது என் ருசி மட்டும்தானா? பஸ் வரியைத் தவிர எதிலும் எனக்கு முழு உறுதி இல்லை. அதையும் கடைசியில் எழுதி, அனுப்பிவிட்டேன்.

நீலக் குறி விழுந்து பத்து நாளாகிறது. பதில் இல்லை. மண்டபத்துக்கு எவ்வளவு முன்பணம் கட்டினார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.