பாவனையின் நேர்மை

ஒன்று இன்னொன்றைப் போல நடந்துகொள்வது எந்தக் கட்டத்தில் பொய்யாகிறது என்ற கேள்வி தமிழில் பெரும்பாலும் இலக்கியத்துக்குள்ளேயே கேட்கப்பட்டு, அங்கேயே சச்சரவாகி, அங்கேயே கைவிடப்பட்டிருக்கிறது. தழுவல், மொழிபெயர்ப்பு, பாதிப்பு, திருட்டு என்ற நாலு சொற்களை வைத்துக்கொண்டு எண்பது வருஷங்களுக்கு மேல் சண்டை போட்டாயிற்று. சண்டை தெளிவு பெறாமல் போனதற்கு ஒரு காரணம், எடுத்துக்கொண்ட உதாரணங்கள் எல்லாம் நமக்கு மிக அருகில் இருந்தவை. அவற்றின் மேல் நமக்குக் கோபமோ பந்தமோ இருந்தது. இலக்கியத்துக்கு வெளியே, யாருக்கும் கோபம் வராத ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு யோசித்தால் என்ன என்று தோன்றுகிறது.

டோல்கேட்டில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கமாக உள்ளே போகும் ஒரு தெருவில் ஆரி வேலை செய்யும் ஒரு பெண்மணி. கல்யாண ஜாக்கெட்டுகளின் கையிலும் பின்கழுத்திலும் பூவும் மயிலும் போடுகிறவர். டிசைன்களை அவர் கைபேசியில், ‘எம்பிராய்டரி ஐடியா’ என்று படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு செயலியில் பார்க்கிறார். கைபேசித் திரை உள்ளங்கை அளவு. ஜாக்கெட்டின் முதுகு அப்படியல்ல. பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் செயலி ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்டது. டெஸ்க்டாப்பில் இருப்பது விண்டோஸ். பிள்ளை புளூஸ்டாக்ஸ் என்ற எமுலேட்டரை இறக்கி, அதற்குள் செயலியை ஓடவைத்துக் கொடுத்திருக்கிறான். அம்மா படத்தை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி, மானிட்டரின் மேல் பட்டர் பேப்பரை ஒட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பென்சிலால் கோடு எடுக்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிட எளிமையாக மூலம், பிரதி, பாவனை மூன்றும் ஒரே மேஜையில் கூடிய இடம் வேறில்லை.

எமுலேட்டர் செய்வது என்ன? 1936-இல் ஆலன் டூரிங் ஒரு கணிதக் கட்டுரையில் நிரூபித்த விஷயம், ஒரு இயந்திரத்தின் விவரணையைக் கொடுத்துவிட்டால் அந்த இயந்திரமாகவே நடந்துகொள்ளக்கூடிய இன்னொரு இயந்திரம் சாத்தியம் என்பது. 1964-இல் ஐ.பி.எம். தன் 360 வரிசையை அறிவித்தபோது, பழைய 1401 இயந்திரத்துக்காக எழுதப்பட்ட நிரல்களைத் தூக்கி எறிய வாடிக்கையாளர்கள் தயாராக இல்லை. புதிய இயந்திரம் தேவைப்படும்போது பழைய இயந்திரமாக நடிக்கும்படி செய்யப்பட்டது. டோல்கேட் வீட்டில் நடப்பதும் அதுதான். செயலி, தான் ஒரு கைபேசிக்குள் இருப்பதாக நம்பவைக்கப்படுகிறது. அது கைபேசியின் மொழியில் இடும் கட்டளைகள் மேஜைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரப்படுகின்றன. அது விரலை எதிர்பார்க்கும் இடத்தில் மௌஸ் அனுப்பப்படுகிறது. இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்குவதை அது எதிர்பார்த்தால், கண்ட்ரோல் விசையும் மௌஸ் சக்கரமும் சேர்ந்து அந்த இரண்டு விரல்களாகின்றன. ‘இது எந்தப் போன்?’ என்று செயலி கேட்டால் ஏதோ ஒரு மாடலின் பெயரைக் கூசாமல் சொல்கிறது எமுலேட்டர்.

முழுப் பொய் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் இதில் ஏமாறுவது யார்? அந்த அம்மாளுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும். விண்டோஸுக்கும் தன்மேல் என்ன ஓடுகிறது என்பது, அதற்குத் தெரியக்கூடிய அளவில், தெரியும். ஏமாறுவது செயலி மட்டும். அதற்கு இதில் இழப்பு ஏதுமில்லை. ஆகவே பாவனை தன்னளவில் தார்மீகக் குற்றமாகாது. யாரிடம் பாவனை செய்யப்படுகிறது, உண்மை தெரியவந்தால் அவர் எதை இழந்திருப்பார் என்று கேட்டாக வேண்டும்.

இந்த அளவுகோலோடு பழைய சண்டைக்குத் திரும்பலாம். 1930களில் புதுமைப்பித்தன் தழுவலை எதிர்த்து, மொழிபெயர்ப்பின் பக்கம் நின்றார். அன்று அதை ஒரு ரசனைப் பிடிவாதமாகப் பார்த்தவர்கள் உண்டு. தழுவலில் கதை ஊரும் பேரும் மாற்றிக்கொண்டு, இந்த மண்ணிலேயே பிறந்ததாக வாசகனிடம் வந்து நிற்கிறது. எமுலேட்டரில் ஏமாறுவது விருந்தாளி. தழுவலில் ஏமாறுவது வீட்டுக்காரன். மொழிபெயர்ப்போ, நான் வேறிடத்திலிருந்து வருகிறேன் என்று முகப்பிலேயே சொல்லிவிட்டு, அந்த அன்னியத்தன்மையின் சிரமத்தையும் வாசகன்மேல் சுமத்துகிறது. புதுமைப்பித்தனின் பிடிவாதத்தின் அடியில் இருந்தது ரசனை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். வாசகனை எந்த இடத்தில் வைப்பது என்ற தார்மீகக் கேள்வியும் இருந்தது.

வங்கியில் உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் இன்னொரு உதாரணம் என் கைக்கருகில் இருக்கிறது. முன்பெல்லாம் காசோலை என்ற காகிதமே கிளியரிங்குக்குப் போகும். 2008-இல் டில்லியிலும் 2011-இல் சென்னையிலும் அந்தப் பயணம் நிறுத்தப்பட்டது. இப்போது போவது காசோலையின் பிம்பம். அந்தப் பிம்பத்தையும் காசோலை என்றே கொள்ளவேண்டும் என்று 2002-ஆம் வருஷத் திருத்தம் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பிம்பத்துக்குப் பணம் கொடுக்கிறோம். யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. காரணம் சட்டம் மட்டுமல்ல. காகிதம், வாங்கிய வங்கியில் பத்து வருஷம் பத்திரமாக இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் பிம்பத்திலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கையெழுத்துக்கும், கையெழுத்திலிருந்து ஒரு மனிதனுக்கும் திரும்பிப் போக வழி திறந்திருக்கிறது. பிரதியின் நேர்மை அதன் துல்லியத்தில் இல்லை. திரும்பும் வழியில் இருக்கிறது.

இனி அந்தச் செயலிக்குள் பார்க்கலாம். எமுலேட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாம் சந்தேகிக்கவேண்டிய இடம் வேறு. செயலியில் வரிசை வரிசையாகப் படங்கள்: தாமரை, மாங்காய், யானை, கோயில் கோபுரம். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கை போட்ட வேலை. அந்தக் கை எது, எந்த ஊர், என்ன கூலி — ஒன்றும் கிடையாது. படங்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஐடியா’. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். செய்து முடிக்கப்பட்ட, ஒரு முதுகுவலியும் ஒரு கண்ணெரிச்சலும் செலவான ஒரு பொருளை, இன்னும் செய்யப்படாத ஒன்றைப் போல, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் எண்ணத்தைப் போல அது மாற்றிவிடுகிறது. இங்கே ஏமாற்றப்படுகிறவர் என்று யாரையும் காட்டமுடியாது. பொய்யே சொல்லப்படவில்லை, பேசாமல் விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் அளவுகோல் இங்கே பிடிபடாமல் வழுக்குகிறது. இழந்தவர் படத்தில் இல்லை என்பதால் இழப்பும் இல்லை என்றாகிவிடுகிறது.

சட்டம் இங்கே அதிகம் உதவுவதில்லை. 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பதிவு செய்யத் தகுதியிருந்தும் பதிவு செய்யப்படாத ஒரு டிசைன், உரியவராலோ அவர் அனுமதியோடோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் ஏற்றப்பட்டால் காப்புரிமை போய்விடும் என்கிறது. நீலகிரியின் தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை. நூலிழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் போடுகிறார்கள். குறியீடு காப்பாற்றுவது ‘தோடர்’ என்ற பெயரை. பெயரைச் சொல்லாமல் அந்தக் கோலத்தை மட்டும் ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனோடு அது எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு விஷயம். எண்ணிக்கையில் இருக்கும் அறிவு படத்தில் தெரிவதுமில்லை.

பெயர் போவதெல்லாம் அநியாயம் என்று இதிலிருந்து முடிவுகட்டவும் எனக்குத் தயக்கம். டோல்கேட்டுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது, காலெட்பேட்டை. கவர்னரின் பேர் ஜனங்களின் நாக்கில் ‘காலடி’ ஆயிற்று. இது எமுலேட்டரின் காரியத்துக்கு நேர் எதிரானது. அன்னியச் சொல்லுக்கு அது பழகிய வீட்டைப் போலி செய்து காட்டாமல், அந்தச் சொல்லையே பிரித்து இந்த வாய்க்கு ஏற்றபடி மறுபடியும் கோர்த்திருக்கிறார்கள். திரும்பும் வழி கிட்டத்தட்ட மூடிப்போயிற்று. ஆனாலும் காலெட்டுக்காக யாரும் வருத்தப்படவேண்டியதில்லை. அவர் பேர் ஏட்டில் இருக்கிறது. அந்தப் பேட்டையில் தறி போட்ட ஒருவருடைய பேர்கூட முதலிலிருந்தே ஊர்ப் பெயரில் இருந்ததில்லை. அதிகாரத்தின் பெயர் அழிவதும், உழைத்தவரின் பெயர் எழுதப்படாமலே போவதும் ஒரே மறதி அல்ல. செயலியின் மறதி இரண்டாவது வகை.

டோல்கேட் வீட்டுக்கு வருவோம். கோடு எடுத்த பட்டர் பேப்பரில் கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போடுகிறார். துணியின் மேல் பேப்பரை வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துணிப்பந்தால் தேய்த்தால் துளைகளின் வழியே புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். 1804-இல் ஜாக்கார்ட் தன் தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோர்த்து, எந்த நூல் மேலே எழவேண்டும் என்று சொல்லவைத்தார். பாபேஜ் அந்த அட்டைகளைத் தன் கணித இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய ஏடா லவ்லேஸ், தறி பூவை நெய்வதையும் இது கணிதத்தை நெய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேஜைமேல் இருக்கும் கணினியும் மடிமேல் இருக்கும் பட்டர் பேப்பரும் தூரத்து உறவினர்கள். ஆனால் ஜாக்கார்டின் துளை செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறது. பட்டர் பேப்பரின் துளை எங்கே என்று மட்டும் சொல்கிறது. நூலை எவ்வளவு இழுப்பது, இதழின் வளைவில் சங்கிலித் தையலை எவ்வளவு நெருக்குவது, இந்தப் பட்டு எவ்வளவு தாங்கும் — இதெல்லாம் துளைக்குத் தெரியாது.

ஆரி வேலையில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே வலது கை, கொக்கி ஊசியோடு. இடது கை துணிக்கு அடியில், நூலைப் பிடித்து ஒவ்வொரு குத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேலை செய்கிறவருக்கே அந்தக் கை தெரியாது, துணி மறைக்கிறது. படங்கள் எல்லாம் மேல் பக்கத்தின் படங்கள். எமுலேட்டரில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இடது கை திரையில் வராது.

வாடிக்கையாளர் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி வேணும்’ என்கிறார். ‘அப்படியே வராதும்மா, என் கைக்கு எப்படி வருமோ அப்படித்தான் வரும்’ என்கிறார் அந்தப் பெண்மணி. வியாபாரத்தில் இது முன்ஜாக்கிரதைப் பேச்சு. பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காகச் சொல்வது. எனக்கு அது, படத்தில் விடுபட்டுப்போன அந்த இன்னொரு பெண்ணுக்கும் செய்யப்படும் மரியாதையாகத் தோன்றுகிறது. உன்னுடையது உன் கை, இது என் கை என்று அவளுக்கும் சேர்த்துச் சொன்னதாகிறது. பெயர் தெரியாதபோது திரும்பும் வழிக்குப் பதிலாக ஒருவரால் செய்யக்கூடியது இவ்வளவுதான்: தன் பிரதியின் மேல் தன் பொறுப்பை ஏற்றுக்கொள்வது.

நம் பத்திரிகைகளின் கவிதைப் பக்கங்களையும் இதே வெளிச்சத்தில் பார்க்கவேண்டியிருக்கிறது. 1962-இல் ‘புதுக்குரல்கள்’ வந்தபோது புதுக்கவிதையை மேற்கத்திய நகல் என்றார்கள் பண்டிதர்கள். நகல் என்ற சொல்லால் அந்தக் கவிஞர்கள் காயப்பட்டிருக்க வேண்டியதில்லை. வால்ட் விட்மனிடமிருந்து தனக்கு வந்ததை ந. பிச்சமூர்த்தி மறைக்கவில்லை, வந்தது அவர் கையில் அப்படியே வரவுமில்லை. இன்று நிலைமை வேறு. எந்த மொழிக் கவிதையும் எந்த நேரத்திலும் திரையில் கிடைக்கிறது, பெயரோடும் பெயரில்லாமலும், ‘ஐடியா’வாக. படிமங்கள் தமிழில் சிரமமில்லாமல் ஓடுகின்றன. வேற்று மொழியில் பனி பெய்கிறது, இங்கேயும் பெய்கிறது. தான் தமிழுக்குள் இருப்பது அந்தக் கவிதைக்குத் தெரிவதில்லை. எமுலேட்டருக்குள் ஓடும் செயலிக்கு அந்த அறியாமையால் குற்றமில்லை. ஒரு கவிதைக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். எழுதியவனுடைய இடது கை துணிக்கு அடியில் எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது, பார்க்க முடியாவிட்டாலும், தையலின் இறுக்கத்தில் உணரப்படவேண்டும்.