வாக்கு ஓர் அமானத்: மதுரா தீவு தரும் பாடம்







இந்தோனேசியாவில் மதுரா என்று ஒரு தீவு உண்டு. நம் மதுரை அல்ல. ஜாவாவின் சுராபயா நகருக்கு எதிரே இருப்பது. நம் கடற்கரை ஊர்களைப் போல அங்கும் ஷாஃபி மத்ஹப். ஆலிம்களைக் 'கியாய்' என்பார்கள். தாய் தந்தைக்கு அடுத்து ஆசிரியர், அதற்குப் பிறகுதான் ஆட்சியாளர். அங்கே மரியாதையின் வரிசை அப்படி.

அதே ஊரில் 'பிளாத்தர்' என்று சிலர். அடிதடியிலும் மாட்டுப் பந்தயத்திலும் பெயர் எடுத்தவர்கள். ஊரே பயப்படும். ஆனால் அவர்களும் சிறுவயதில் கியாயிடம் குர்ஆன் ஓதியவர்கள்தாம்.

கிராமத் தலைவர் தேர்தலில் இவ்விரு செல்வாக்கும் சந்திக்கின்றன. எல்லாக் கியாய்களும் அப்படியல்ல. ஆனால் ஒரு கியாய் துஆ செய்தால் அதுவே மக்களுக்கு உத்தரவாகிவிடுகிறது. பிளாத்தர் தெருவில் நின்றால் எதிர்த்துப் பேச ஆள் வருவதில்லை. சில ஊர்களில் பிளாத்தரே தலைவர்!

அங்கே பங்கலானில் வாழ்ந்த மாபெரும் ஆலிம் ஷைகு கலீல். 1926-ல் நஹ்ளத்துல் உலமாவை நிறுவிய ஹாஷிம் அஷ்அரீ அவர்களின் உஸ்தாத். அவருடைய வழித்தோன்றல் ஃபுஆத் அமீன் 2003 முதல் 2013 வரை அம்மாவட்டத்தின் தலைவர். அடுத்து அவர் மகன். 2014-ல் ஊழல் ஒழிப்பு ஆணையம் ஃபுஆதைக் கைது செய்தது; லஞ்ச வழக்கில் சிறைத் தண்டனை பெற்றார். பரம்பரையின் பெயர் ஓட்டு வாங்கித் தந்தது, அமானத்தைக் காப்பாற்றவில்லை.

சகோதரர்களே, தூரத்து ஊரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஓர் உள்ளாட்சித் தேர்தலின்போது ஒரு வேட்பாளர் நாலைந்து பேரோடு என் அறைக்கு வந்தார். "ஹழ்ரத், துஆ மட்டும் போதும்" என்றார். கை உயர்த்தினேன். மாலைக்குள் "ஹழ்ரத் நம்ம பக்கம்" என்று தெருவெல்லாம் பேச்சு. மறுத்திருக்க வேண்டும். வந்தவர்களுக்குப் பயந்து வாய் மூடியிருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

அமானத்தை அதற்கு உரியவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது சூரா நிஸாவின் 58-ஆம் வசனத்தின் கட்டளை. அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அது அமானத் என்று எச்சரித்து நபியவர்கள் கொடுக்கவில்லை. அபூதருக்குத் தக்வா குறைவா? இல்லை. தக்வா வேறு, நிர்வாகத் தகுதி வேறு. ஸஹாபிக்கே இந்த அளவுகோல் என்றால், ஆலிமின் பேரனுக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் வேறு அளவுகோலா?

லஞ்சம் ஹராம், பொய்ச் சாட்சி ஹராம் என்று மிம்பரில் சொல்வது ஆலிமின் கடமை. இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று உங்கள் கையைப் பிடிப்பது அவர் வேலையல்ல. இனி யாராவது "ஹழ்ரத் சொன்னார்" என்று ஓட்டுக் கேட்டு வந்தால், என்னிடமே வந்து கேளுங்கள்.

மறுமையில் உங்கள் வாக்குக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் வரமாட்டேன், மிரட்டியவரும் வரமாட்டார்.

பயமும் ஆசையும் இல்லாமல் அமானத்தை நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.