பட்டிக்கு அடியில்

வாய் திறவாமலே ஒருவன் பொய் சொல்லிவிட முடியுமா? எங்கள் வாப்பா விட்டுச்சென்ற அம்பாசிடர் கார் இந்தக் கேள்வியை என் முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உருவாகிவந்த வண்டி அது. அதற்கு முழுநீள அடிச்சட்டம் தனியாகக் கிடையாது. உடலே எலும்பாகவும் இருந்து பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி அலங்காரத்திற்கு வைத்ததன்று. வண்டியின் வலுவே அதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது.

அந்த இடத்தில்தான் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் கூடித் துருவாகும்போது முன்னைவிடப் பருத்து, மேற்பூச்சை உந்தித் தள்ளுகிறது. அடிப்புறத்து வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டுப்போக, தேங்கிய மழைநீர் உள்ளிருந்தே தகட்டைத் தின்றிருந்தது. கொப்புளம் அழிவின் தொடக்கமன்று. நெடுநாளைய அழிவு வெளியே விடுத்த அறிவிப்பு.

வண்டியை வாங்க ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளை ஏற்றிச்செல்வதற்கென்றார். மேலாகச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம் என்றான் தம்பி. "அவர் துருவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே, காக்கா?"

கேளாததைச் சொல்லாதிருப்பது பொய்யாகுமா என்பதில் வழக்கு இருக்கலாம். ஆனால் துருவின் மேல் பட்டி பூசுவது மௌனமன்று. மௌனம் உள்ளதை உள்ளபடி விட்டுவைக்கிறது. பூச்சோ இல்லாத இரும்பை உண்டென்று கண்ணுக்குச் சாட்சி சொல்கிறது. விபத்தென்று ஒன்று நேர்ந்தால், அந்தப் பொய்ச்சாட்சியை நம்பி உள்ளே அமர்ந்திருப்பவர்கள் குழந்தைகள் அல்லரோ?

ஆகவே அறுத்தெடுக்கத் துணிந்தோம். டிங்கரிங் தொழில் தெரிந்த ஒருவர் வீட்டிற்கே வந்து துணைநின்றார். பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். பெட்ரோல் தொட்டியை அகற்றித் தொலைவில் வைத்தோம். கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, உள்ளங்கையளவாய்த் தெரிந்த துரு முழநீளமாய் விரிந்தது. பளிச்சென்ற இரும்பு தென்படும்வரை அறுப்பதே விதி. துருவின் மேல் வெல்டிங் உறுதியாகப் பிடிப்பதில்லை. அட்டையில் அளவெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்தினோம். சூட்டில் தகடு நெளியாதிருக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்துப் பற்றவைத்து, இடைவெளிகளைப் பொறுமையாக நிரப்பினார் அவர். தேய்த்துச் சமன்செய்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் மெல்லியதாகப் பட்டியும் பார்த்தோம்.

"முடிவில் நாமும் பட்டிதானே பூசினோம்?" என்று சிரித்தான் தம்பி.

உண்மைதான். பட்டி குற்றமுடையதன்று. நல்ல இரும்பின் மேல் அது மேடுபள்ளத்தை நிரவுகிறது. துருவின் மேல் அது ஓட்டையை ஒளிக்கிறது. பொருள் ஒன்றே; அடியில் இருப்பதுதான் அதை ஒப்பனையாகவோ வஞ்சகமாகவோ ஆக்குகிறது. நம் இன்சொல்லும் அத்தகையதே. அன்பின் மேல் பூசிய இன்சொல் பண்பு. பகையின் மேல் பூசிய இன்சொல் பொறி.

வாங்க வந்தவரை வண்டிக்கடியில் குனியவைத்து, ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டினேன். அவர் விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டார், இசைந்தோம். தம்பிக்கு வருத்தந்தான். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தை நேருக்குநேர் பார்க்க முடிந்தது. குறைந்த தொகை அதற்கு ஈடாகாதா என்ன?